ரத்தம் கக்கிய டயர்

வெள்ளிக்கிழமை என்றால் உத்திரமேரூர் ஏரிக்கரைச் சாலையில் வண்டி ஓடாது. ஓட வேண்டிய வண்டியெல்லாம் அங்கே வரிசையில் நின்றுகொண்டிருக்கும். டூவீலர், ஷேர் ஆட்டோ, நெல் லாரி, அறுவடை இயந்திரம், அரிசி மில் முதலாளியின் வெள்ளைக் கார். ஒருமுறை ஓர் ஆம்புலன்ஸும் நின்றது. நல்லவேளை, உள்ளே நோயாளி இல்லை. டிரைவர் டயருக்கு அருள் வாங்க வந்திருந்தார்.

அருள் வழங்கியவர் சக்கரானந்த சுவாமிகள். பெற்றவள் வைத்த பெயர் கன்னியப்பன். மழைக்கும், படிப்புக்கும், பிள்ளைப்பேற்றுக்கும் ஆளாளுக்கு ஒரு தெய்வம் பொறுப்பில் இருக்க, டயர் துறை மட்டும் கேட்பாரற்றுக் கிடந்ததைப் பார்த்து மனம் இரங்கி, அதைத் தாமே எடுத்துக்கொண்ட மகான்.

முறை எளிது. பக்தர் மஞ்சளைக் குழைத்துத் தன் வண்டி டயரில் கெட்டியாக அப்ப வேண்டும். சுவாமிகள் கண்ணை மூடிக்கொண்டு செம்பிலிருந்து தீர்த்தம் தெளிப்பார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் அந்த டயர் சாது. சிவந்து வழிந்தால் டயர் ரத்தம் கக்குகிறது, காவு கேட்கிறது என்று பொருள். அதைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு, பக்கத்துக் கொட்டகையில் அருள் டயர் வாங்கி மாட்டிக்கொண்டு போக வேண்டும். கொட்டகை சுவாமிகளின் மச்சான் மோகனுடையது. அது தற்செயல். மோகன் கடை டயர் ஒன்றுகூட இதுவரை ரத்தம் கக்காதது அதைவிடத் தற்செயல். இன்னொன்றும் உண்டு. தேய்ந்து வழுக்கையாகிப்போன டயர்களைச் சுவாமிகள் சாது என்று அனுப்பிவிடுவார். பளபளக்கும் புது டயர்கள்தான் ரத்தம் கக்கும்.

“புதுசுக்குத்தான் நைனா பசி ஜாஸ்தி” என்று விளக்கம் வந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அருள் டயர் போட்ட வினோத்தின் லோடு வண்டி வாலாஜாபாத் பக்கம் டயர் வெடித்துக் கவிழ்ந்தது. காலில் மாவுக்கட்டோடு வந்து நியாயம் கேட்டான்.

“வெள்ளிக்கெழம முட்ட துன்னியா?” என்று கேட்டார் சுவாமிகள்.

“வியாழக்கெழம துன்னேன் சாமி.”

“செரிச்சது வெள்ளிக்கெழமதானே?”

வினோத் கட்டையை ஊன்றிக்கொண்டு வரிசையை விட்டு விலகினான். இந்தத் தர்க்கத்தை யாரால் மறுக்க முடியும்? கூட்டம் மெய்சிலிர்த்தது. அன்று அருள் டயர் வழக்கத்தைவிட அதிகமாக விற்றது.

இந்த வரிசையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை அரவிந்தனும் வந்து நின்றான். ஒரகடத்துத் தொழிற்சாலையில் பிரேக் பாகங்களைச் சோதிக்கும் என்ஜினீயர். ஒரு திருகு மயிரிழை பிசகினால் பெட்டி மொத்தத்தையும் திருப்பி அனுப்புகிறவன். வேலையில் அவன் எதையும் அளக்காமல் நம்பியதில்லை. அப்படிப்பட்டவன், மஞ்சள் கிண்ணமும் கையுமாகக் காத்திருந்தான்.

காரணம் அவனுடைய கார். ரோட்டோரக் கொல்லை நிலத்தை விற்ற பணத்தில் செகண்ட்ஹேண்டில் வாங்கிய நீலநிற வேகக் கார். ஆக்சிலேட்டரைத் தொட்டால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளூர் வேகத்தடைகளில் மட்டும் அது தவழ்ந்து தவழ்ந்து ஏறும். சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போவார்கள். ஜனவரியில் அவனையும் சேர்த்துக் கார் நண்பர்கள் பன்னிரண்டு பேர் அவரவர் காரில் குடும்பத்தோடு மணாலிக்குப் போவதாக ஏற்பாடு. பனிமலைக்குப் போவதென்றால் பனிக்கால டயர் வேண்டுமே. அதைத் தேடும் வேலையை அவன் மனைவி சசிரேகா எடுத்துக்கொண்டாள்.

சசிரேகா செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு மாதம் படித்தாள், விசாரித்தாள். காரில் இருந்தவை கோடை டயர்கள். குளிர் ஏற ஏற அந்த ரப்பர் விறைத்துப்போய்ப் பிடிப்பு விட்டுவிடும். பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். முகமெல்லாம் பொடிப்பொடியான கீறல்கள். அவைதான் பனியைக் கவ்வும். பெரிய சக்கரம் காருக்கு அழகுதான், ஆனால் பனிப்பாதைக்குக் கொஞ்சம் சின்னச் சக்கரமும் தடித்த டயருமே நல்லது என்று அதையும் மாற்றச் சொன்னாள்.

“முன்னால ரெண்டு மட்டும் போட்டா போதாதா?” என்று கேட்டான் அரவிந்தன்.

“போடுங்க. முன்சக்கரம் பிரேக் புடிக்கும். பின்சக்கரம் உங்கள முந்திக்கினு பள்ளத்தாக்கப் பாக்கப் போவும்.”

நான்கும் சென்னையிலிருந்து வந்து இறங்கின. அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் அரவிந்தனுக்குள் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. கார்த்திகை மழையில் ஒருநாள் செங்கல்பட்டு சாலையில் கார் வழுக்கி, பம்பரமாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பின்சீட்டில் நான்கு வயது மகள் அனுஷா. “இன்னொரு வாட்டி சுத்துப்பா!” என்று கைதட்டிச் சிரித்தாள் குழந்தை. அன்றிலிருந்து மழை தூறினாலே அவன் காரை வெளியே எடுப்பதில்லை. இந்த நேரம் பார்த்து அவன் அம்மா எல்லம்மாள், “சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு மாட்டுடா, கொறஞ்சா பூடுவ?” என்றாள். பயந்தவனுக்கு அது போதாதா? சசிரேகா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நான்கு டயரையும் ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி, அம்மாவோடு கிளம்பிவிட்டான்.

சுவாமிகள் டயரைத் தடவிப் பார்த்தார். மோகனும் தடவிப் பார்த்தான். மச்சான்கள் இருவர் முகத்திலும் ஞானஒளி வீசியது.

“எங்க நைனா பயணம்?”

“மணாலி, சாமி.”

“அது எந்த தாலுகா?”

“இமயமலைங்க சாமி.”

“ஆங்... நம்ம கைலாசத்துப் பக்கம்” என்று சமாளித்துக்கொண்டு தீர்த்தம் தெளித்தார். மஞ்சள் சிவந்தது. நான்கு டயரிலும் செக்கச்செவேலென்று வழிந்தது. எல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள ஒரு மலையும், அதற்குள் ஆறு கால் நட்சத்திரம் போல ஒரு பனிப்படிகமும் பொறித்திருந்தன. சுவாமிகள் அதில் விரலை வைத்தார்.

“இத்தப் பாரு. மூணு கூம்பு, நடுவுல ஆறு காலு. வெளிநாட்டுக்காரன் வச்ச செய்வின யந்திரம்! வூட்ல கொழந்த கீதா?”

“பொண்ணு இருக்கா சாமி.”

“அதான் கேக்குது.”

அந்தக் குறி இன்னதென்று அரவிந்தனுக்குத் தெரியும். பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய டயருக்கு மட்டும் போடும் முத்திரை என்று சசிரேகா காட்டிக் காட்டிச் சொல்லியிருந்தாள். ஆனால் வழிகிற சிவப்பையும் அம்மாவின் முகத்தையும் பார்த்தபோது, படித்த படிப்பெல்லாம் இறங்கி எங்கேயோ ஓடிவிட்டது.

நான்கு டயரும் காவு கழிக்கக் கொட்டகைக்குள் போயின. நான்கு அருள் டயர்கள் குட்டியானையில் ஏறின.

“பனிக்கு இது தாங்குமா சாமி?” என்று தயங்கிக் கேட்டான்.

“பனியிலயே வளந்தது நைனா. போன மார்கழி பூரா ராத்திரில வெளியதான் போட்டு வச்சிருந்தோம்” என்றான் மோகன்.

சாயங்காலம் சசிரேகா வந்தாள். டயர்களைப் பார்த்தாள். விரலால் தேய்த்தாள், கறுப்புப் பாலிஷ் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. தேய்ந்துபோன பள்ளங்களைக் கத்தியால் கீறி ஆழமாக்கியிருந்தார்கள். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் ஓரிடத்தில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, கடையின் குங்கும முத்திரையும் வைத்து, “கழுவினால் சக்தி போகும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“அனுஷா உக்காந்துகினு போறது இந்த நாலு மேலயா?” என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. அதுதான் அவனுக்கு அதிகப் பயமாக இருந்தது.

“ரத்தம் வந்துச்சு சசி. என் கண்ணால பார்த்தேன்.”

“நான் தெனம் ரத்தத்துலதாங்க வேல செய்றேன். ரத்தம்னா கொஞ்ச நேரத்துல உறையும், காஞ்சா கறுக்கும். உங்க பேன்ட்ல தெறிச்சது காலைலருந்து அப்படியே செவப்பாவே கீது, பாருங்க.”

அவன் குனிந்து பார்த்தான். இருந்தது. எல்லம்மாள் விடவில்லை. “தெய்வ சமாச்சாரத்துல விளையாடாதடி. சாமிக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?”

“சரி அத்த. சாமிக்குத் தெரியுதான்னுதான் பாத்துடலாமே” என்றாள் சசிரேகா. பிறகு கணவனிடம் திரும்பினாள். “எங்க லேப்ல ட்யூப் மேல பேரு இருக்காது, நம்பர்தான். யாரு ரத்தம்னு தெரிஞ்சா கண்ணு ஒரு பக்கம் சாயும். டயருக்கும் அப்படிச் செய்யலாம். உங்க சாமி மெய்யா இருந்தா, அவர் சொன்ன டயர்லயே மணாலிக்கு வரேன். இல்லன்னா நம்ம டயர் நம்ம வூட்டுக்கு வரணும். சம்மதமா?”

ஒரு பெட்டித் திருகைச் சோதிக்காமல் ஏற்காத மனிதன், தன் குழந்தைக்குப் போடும் டயரைச் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறான். அது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. சம்மதித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை. குட்டியானையில் நான்கு டயர்கள் போயின. நான்கையும் சாக்கில் சுற்றித் தைத்து, ஒரு சாண் இடம் மட்டும் திறந்துவிட்டு, அங்கே அடிவரை தெரியாதபடி மஞ்சள் அப்பியிருந்தாள் சசிரேகா. மேலே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதியிருந்தது.

“இன்னாம்மா இது கோலம்?” என்றார் சுவாமிகள்.

“மணாலிக்கு இன்னும் பதினோரு கார் வருது சாமி. அவங்க சென்னைக்காரங்க, நம்ப மாட்டேங்கறாங்க. இதுல உங்க கடை டயரும் இருக்கலாம், வெளிக்கடை டயரும் இருக்கலாம். மூடி வச்சதுலயே நீங்க கண்டுபுடிச்சீங்கன்னா, வீடியோ எடுத்து அனுப்பிடுவேன். பதினோரு வண்டிக்கும் இங்கதான் டயர் மாட்டுவாங்க.”

மோகன் மனசுக்குள் பதினொன்றை நான்கால் பெருக்கினான். சுவாமிகளின் காதில் ஏதோ முணுமுணுத்தான். சுவாமிகளுக்கு உள்ளூர உதறல்தான். ஆனால் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது, பதினோரு காரும் கண்ணெதிரே ஓடுகிறது. கண்ணை மூடினார். அவருக்கு இருபுறமும் இரண்டு செம்புகள். எப்போதும் இரண்டு இருந்தன. ஏன் இரண்டு என்று இத்தனை நாளில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றியதில்லை. முதல் டயருக்கு வலது செம்பு: மஞ்சள் மாறவில்லை. “சாது!” இரண்டாவதற்கு இடது செம்பு: சிவந்தது. “காவு!” மூன்றாவதும் காவு. நான்காவது சாது. ஆளுக்குப் பாதி என்று பங்கு போட்டு முடித்தார்.

“அப்போ ரெண்டும் மூணும் வெளிக்கடை டயரா சாமி? நல்லாப் பாத்து சொல்லுங்க.”

“சத்தியவாக்கும்மா இது!”

சசிரேகா கத்தரிக்கோலை அரவிந்தனிடம் கொடுத்தாள். அவன் சாக்குகளை வெட்டினான். நான்கு டயரிலும் சந்தனம். நான்கிலும் மோகன் கடைக் குங்கும முத்திரை. நான்குமே போன வாரம் சுவாமிகள் கையால் கொடுத்தனுப்பிய அருள் டயர்கள்.



“சாக்குதோஷம்! சாக்குல மீன் கட்டியிருந்தாங்க!” என்று கத்தினார் சுவாமிகள். அதற்குள் சசிரேகா இடது செம்பை எடுத்துவிட்டாள். ஒரு தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீரைக் கரைத்து, செம்பை அதில் சாய்த்தாள். தாம்பாளம் முழுக்கச் சிவந்தது.

முன்வரிசையில் நின்ற எல்லம்மாள் எட்டிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். அந்தச் சிவப்பை அவள் எத்தனை கல்யாணத்துக்குக் கரைத்திருப்பாள்!

“அட பாவி! சுண்ணாம்பு தெளிஞ்ச தண்ணிடா இது! ஆரத்தி! நான் தட்டுல கரைச்சா ஆரத்தி, நீ செம்புல தெளிச்சா ரத்தமா?”

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று தெரியாத வீடு அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூட இல்லை. காலமெல்லாம் கரைத்த கைகள்தான், டயரில் பார்த்ததும் கும்பிட்டுவிட்டன. எல்லம்மாள் அந்தத் தாம்பாளத்தாலேயே சுவாமிகளுக்கு மூன்று சுற்றுச் சுற்றி, “ஊர்க் கண்ணு பட்டுப்போச்சுடா உனக்கு” என்று அவர் காலடியில் ஊற்றினாள்.

அரவிந்தன் சந்தனத்தைத் துணியால் துடைத்தான். அடியில் டயர் தயாரான வாரமும் வருடமும் அச்சிட்டிருந்தது. அனுஷாவைவிட அந்த டயருக்கு இரட்டை வயது. இதன் மேல்தான் பெண்டாட்டியையும் பிள்ளையையும் உட்கார வைத்து அவன் மலையேறக் கிளம்ப இருந்தான்.

வினோத் கட்டையை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தான்.

“சாமி, நான் முட்ட துன்னது இருக்கட்டும். என் காலுக்கு இன்னா பதிலு?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மோகன் மெல்ல நழுவி டூவீலரைக் கிளப்பினான். அதற்குள் கூட்டம் கொட்டகையைத் திறந்துவிட்டது. உள்ளே காவு கேட்ட புது டயர்கள் எல்லாம் துடைத்து அடுக்கி, வெளியூருக்கு ஏற்றத் தயாராக இருந்தன. அவரவர் டயரை அவரவர் அடையாளம் கண்டு உருட்டிக்கொண்டு வந்தார்கள். சுவாமிகளை வினோத்தின் தம்பிகள் நகரவிடவில்லை. போலீஸ் வரும்வரை நடுவில் உட்கார்த்தி வைத்தார்கள்.

அரவிந்தன் மலைமுத்திரை போட்ட தன் நான்கு டயர்களையும் ஏற்றிக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றிலும் காற்றை அளந்தான். ஒருமுறைக்கு இரண்டுமுறை அளந்தான்.

“கும்புடலையா?” என்றாள் சசிரேகா.

“அளந்துட்டேன், போதும்” என்றான்.

ஜனவரியில் போனார்கள், வந்தார்கள். பனியில் கார் ஒருமுறைகூடச் சுற்றவில்லை என்று அனுஷாவுக்கு மட்டும் மனக்குறை.

இத்தோடு ஊர் திருந்தியது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் போன வாரம் டீக்கடையில் ஒருவர் ரகசியக் குரலில், “டயர் சாமி டூப்புதான். வாலாஜாபாத்துல ஒருத்தர் கீறாரு. அவரு நம்பர் பிளேட் மட்டும்தான் பாப்பாரு. அது சயின்ஸு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றி இருந்தவர்கள் விலாசம் கேட்டார்கள்.

டயர் ஓட ஓடத் தேயும் ஐயா. மூளை ஓட்டாமல் வைத்தால்தான் தேயும். தயவுசெய்து அதையும் கொஞ்சம் வெளியே எடுத்து ஓட்டிப் பாருங்கள்.