பள்ளத்து இடமும் எறிதூர விதியும்

கடற்கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு நிர்வாகம் இழைத்த அநீதிகளை வரிசை பிசகாமல் சொல்வதுதான் முறை. பிசகினால் எல்லாம் ஒரே நாளில் நடந்ததுபோல் ஆகி, நிர்வாகம் வருடக்கணக்கில் பட்ட பாட்டுக்கு மரியாதை இல்லாமல் போய்விடும்.

முதலாவது, படிக்கட்டு. சாலையிலிருந்து மணலுக்கு இறங்கும் படிகளை இடித்தார்கள். படி இருந்தால் ஜனங்கள் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். தூண்டிலாளர் சங்கம் கண்டனத் தீர்மானம் போட்டது. போட்ட கையோடு எல்லோரும் சுவர் ஏறிக் குதிக்கப் பழகிக்கொண்டார்கள்.

இரண்டாவது, பெஞ்சு. கரையில் உட்கார ஒரு பெஞ்சு கேட்டதற்கு, சாலையைப் பார்த்தபடி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். கடலைப் பார்த்துப் போட்டால், பெஞ்சைத் திறந்துவைத்தவரின் பெயர்ப்பலகை உட்காருகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் போய்விடுமாம். சங்கம் வன்மையாகக் கண்டித்தது; அந்தக் கண்டனத்தை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதியது.

மூன்றாவது, நேரம். அலுவலக நேரத்தில் மட்டுமே தூண்டில் போடலாம், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் முள்ளைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மீன்களுக்கு நகல் அனுப்பப்படவில்லை. சங்கம் கொடி பிடித்துப் போராடி, இடைவேளையைக் கால் மணி நேரம் குறைக்க வைத்தது. அதற்கு வெற்றி விழாவும் நடந்தது.

நான்காவதுதான் எறிதூரம். அதில் வந்து மாட்டிக்கொண்டவர் பூட்டுக்காரர்.

கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். எப்போதோ ஓர் இரும்புப் பெட்டியைத் திறக்கப்போய், பெட்டி திறப்பதற்குள் அவருடைய வலது தோள்பட்டை கழன்றுவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கை காதுக்கு மேலே ஏறாது. தூண்டிலை இடுப்பளவில் வைத்து ஒரு வீசு வீசுவார். வாய் கொப்பளித்துத் துப்பினால் விழும் தூரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தூண்டில் நரம்பில் கட்டிய ஈயக் குண்டு போய் விழும். அது போதும். கரைக்கும் முதல் மணல்திட்டுக்கும் நடுவே, அலை திரும்பிப் போகும்போது அரித்து அரித்து ஒரு பள்ளம் உண்டாகியிருந்தது. கிழங்கான் மீன்கள் புழு தேடி அந்தப் பள்ளத்துக்குள் முழங்கால் ஆழம்வரை வரும். அந்த இடத்தில் நின்றால் பூட்டுக்காரர் வீட்டுக் குழம்பில் மீன் இருக்கும். நிற்காவிட்டால் குழம்பு மட்டும் இருக்கும். அதனால் பள்ளத்து இடத்தை அவர் சொந்த இடம்போல் வைத்திருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் ஊருக்கு எறிதூர மோகம் பிடித்தது. எல்லோருக்கும் முன்னால் பிடித்தது அவருடைய மச்சினனுக்கு. வீட்டைவிட நீளமான ஒரு கம்பு வாங்கினான். ராத்திரி அதன் நுனியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவைத்துத்தான் தூங்க முடியும். கைக்கு உறை, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, பிடரியை மூடும் தொப்பி. கடல் வற்றிக் கிடக்கும் நாட்களில் மீன் அலை மடியும் இரண்டாவது வரிசைக்கு அப்பால் நிற்கும். அப்போது தூர எறிகிறவனுக்குத்தான் கிடைக்கும். அது உண்மை. அப்படி ஒருநாள் மச்சினனுக்கும் ஒரு பெரிய மீன் கிடைத்தது. மோகம் வளர அந்த ஓர் உண்மை போதுமாயிருந்தது. அதற்கப்புறம் கடற்கரையில் யாரும் யாரையும் "என்ன கிடைச்சுது?" என்று கேட்பதில்லை. "எவ்வளவு போச்சு?" என்றுதான் கேட்டார்கள்.

"மாமா, நீங்க எறியறதைப் பார்த்தா எனக்கு அவமானமா இருக்கு" என்றான் மச்சினன். "பாத்திரம் கழுவின தண்ணிய கொட்டற மாதிரி இருக்கு."

"அதுல அஞ்சு கிழங்கான் வந்திருக்கு மாப்ளே. உன் கூடையில என்ன?"

"இன்னிக்கு என் ஈயம் திட்டுக்கு அந்தாண்டை போய் விழுந்துச்சு. மீனு கீனுன்னு பேசி அதைக் கெடுக்காதீங்க."

நிர்வாகம் எப்போதும் மக்களின் உணர்வுக்கு மதிப்பளிப்பது. கடற்கரை எறிதல் துறை என்று ஒன்று புதிதாக உண்டாக்கப்பட்டது. அதன் முதல் சுற்றறிக்கை சாலைச் சுவரில் ஒட்டப்பட்டது: கரையில் நிற்கும் இடங்கள் இனி எறிதூரத்தின்படி ஒதுக்கப்படும், மிகுந்த தூரம் உடையவருக்கு மிகச் சிறந்த இடம், அதாவது பள்ளத்து இடம், இடம் பெறாதவர் அங்கே முள் நனைக்கலாகாது.

தூர ஆய்வாளர் அளவு நாடாவோடு வந்திறங்கினார். காலில் பளபளக்கும் தோல் செருப்பு. மணல் ஒட்டிவிடும் என்று சாலையில் நின்றே பேசினார்.

"சார்," என்றார் பூட்டுக்காரர், "தூரமா எறியறவருக்குக் கிட்டத்துப் பள்ளம் எதுக்கு? அவர் முள்ளு அதைத் தாண்டிப் போயிடுமே."

"சிறந்தவருக்குச் சிறந்தது. அதுதான் கொள்கை."

"அங்க மீன் இருக்கறது கால்கிட்ட சார்."

"அது மீனோட ஒழுங்கீனம். அதுக்குத் துறை பொறுப்பில்ல."

சங்கச் செயலாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னே வந்தார். மேடையில் பேசிப் பேசி, வீட்டில் தண்ணீர் கேட்டால்கூடக் கோரிக்கையாகத்தான் கேட்பார். "ஐயா, இது உழைக்கும் தூண்டிலாளர்களின் வயிற்றில் அடிக்கும் செயல்! எங்கள் குரல் எட்டுத் திக்கும் ஒலிக்கும்!"

"ஒலிக்கட்டும். அளவு புதன்கிழமை" என்றார் ஆய்வாளர்.

பூட்டுக்காரர் அன்றைக்குக் கடையைப் பாதி மூடிக்கொண்டு, சுற்றறிக்கையின் நகலை மடியில் வைத்து உட்கார்ந்தார். எவ்வளவு கெட்டிக்காரன் செய்த பூட்டானாலும் சாவி நுழைய ஒரு துவாரம் விட்டுத்தான் ஆக வேண்டும். விதியும் அப்படித்தான். தேடினார். கிடைத்தது. 'எறிதூரம் என்பது எறிபவருக்கும் முள்ளுக்கும் இடையேயுள்ள தூரம்' என்று எழுதியிருந்தார்கள். யார் யாரைவிட்டு விலக வேண்டும் என்று எழுதவில்லை.

புதன்கிழமை எல்லோரும் கம்பை முதுகுக்குப் பின்னால் வளைத்து, முக்கி முனகி எறிந்தார்கள். மச்சினன் எறிந்த வேகத்தில் அவன் தொப்பியும் கடலுக்குள் போயிற்று. கடைசியில் பூட்டுக்காரர் வந்தார். வழக்கம்போல் இடுப்பளவில் வீசினார். முள் பள்ளத்தில் விழுந்தது. கூட்டம் சிரித்தது. அவர் ரீலைத் தளர்த்திவிட்டுப் பின்னால் நடக்க ஆரம்பித்தார். மணலைத் தாண்டினார். சுவர் ஏறினார். சாலையைக் கடந்தார். நரம்பு அவருக்கும் கடலுக்கும் நடுவே நீண்டுகொண்டே வந்தது. கடைத்தெருவில் தன் கடை வாசலில் போய் நின்று, "இப்ப அளங்க சார்!" என்று கத்தினார்.

"மாமாவுக்குப் பித்துப் பிடிச்சிடுச்சு" என்றான் மச்சினன்.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. விதியைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு நாடாக்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, ஒரு முனையைச் செயலாளரிடம் கொடுத்துக் கடலுக்கு அனுப்பி, சாலையில் நின்றே அளந்தார்.

"இது ஏமாத்து சார்!" என்று மச்சினன் பாய்ந்தான்.

"விதியில பிழை இருக்காது தம்பி. பிழைன்னு ஒண்ணு இருந்தா அது கடல்லதான் இருக்கும்" என்று சொல்லி, பூட்டுக்காரரை முதலாவதாக அறிவித்தார். இறுதி ஒதுக்கீடு மாதக் கடைசியில். அதுவரை யார் வேண்டுமானாலும் தூரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

அன்று மாலை பூட்டுக்காரர் நடந்த நடையே வேறு. கழன்ற தோள்கூடக் கொஞ்சம் உயர்ந்தது.

மறுநாளிலிருந்து ஊரே பின்னால் நடந்தது. மச்சினன் தபால் நிலையம்வரை போனான். முடிவெட்டுகிறவர் அதற்கு அடுத்த தெருவில், ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் கம்புமாக நின்றார். சங்கச் செயலாளர் சங்க அலுவலகத்தையே ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் மாற்றினார். தெருவெல்லாம் நரம்பு. பேருந்துகள் நின்று நின்று போயின. ஜனங்கள் அதில் துணி காயப்போட்டார்கள். கடல் கண்ணில் படும் தூரத்தில் நிற்பது கேவலம் என்று ஆயிற்று. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், "பையன் எங்கேயிருந்து எறியறாரு?" என்று கேட்டார்கள். "அவன் கடலைப் பார்த்தே வருஷக்கணக்காச்சு" என்று பையனின் தாயார் சொன்னால் உடனே பலகாரம் வந்தது.

பூட்டுக்காரர் விடுவாரா? கடையைப் பூட்டிவிட்டு ஊர் எல்லைக்கே போய், ஒரு புளியமரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டார். ஒரே ஒரு சிரமம்: அங்கிருந்து எறிய முடியாது, மீன் கடித்தாலும் தெரியாது. ஆகவே அவர் மனைவி கடற்கரையில் நின்று, முள்ளில் இரை குத்தி, பள்ளத்தில் போட்டு, மீன் மாட்டினால் கழற்றி எடுத்துக்கொண்டாள்.

"ஏங்க, எறியறது நான், இழுக்கறது நான். நீங்க மரத்தடியில என்னதான் பண்றீங்க?"

"தூரம் பண்றேன்டி."

"பேசாம நானே என் பேர்ல போட்டுக்கிட்டா என்ன?"

"நீதான் தண்ணியிலேயே நிக்கறியே! உனக்கு ஏது தூரம்?"

இதில் மச்சினன் ஓர் ஆட்சேபம் கிளப்பினான். முள்ளைப் போடுவது அக்கா. அப்படியிருக்க எறிபவர் மாமா எப்படி ஆவார்? ஆய்வாளர் குழம்பினார். போகிற போக்கைப் பார்த்தால் விதியையே ரத்து செய்துவிடலாமா என்று துறை யோசிப்பதாகவும், பழையபடி அவரவர் இடத்தில் அவரவர் நிற்கலாம் என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

இங்கேதான் வரலாறு திரும்பியது. எந்த விதியை எதிர்த்து முழங்கினார்களோ, அந்த விதியைக் காப்பாற்ற ஊர் திரண்டது. எல்லோரிடமும் இப்போது ஒரு தூரம் இருந்தது. ரத்தானால் அது என்ன ஆவது? ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்தவர் பூட்டுக்காரர்.

"விதியில் கை வைக்காதே!" என்றார் செயலாளர்.

"கை வைக்காதே!" என்றது ஊர்.

"பாடுபட்டுச் சேர்த்த தூரத்தைப் பறிக்காதே!"

"பறிக்காதே!"

பெஞ்சுக்கு அருகே ஓரமாக நின்ற மனைவி கேட்டாள்: "ரத்தானா உங்களுக்குப் பள்ளம் சும்மாவே கிடைக்குமேங்க. முன்னாடி சும்மாதானே நின்னீங்க?"

"சும்மா நிக்கறதும் முதலாவதா வந்து நிக்கறதும் ஒண்ணா? உனக்கு அரசியல் தெரியாது, போ."

துறை பணிந்தது. விதி நீடிக்கும் என்று அறிவித்தது. கூடவே ஊர் கேட்ட விளக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தது: முள்ளை யார் கையால் தண்ணீரில் இட்டாலும், யார் பொருட்டு இட்டாரோ அவரே எறிபவர். பட்டாசு வெடித்தார்கள். செயலாளருக்கு மாலை விழுந்தது.

மாதக் கடைசி வந்தது. புளியமரத்தை யாராலும் மிஞ்ச முடியவில்லை. பூட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வெகுநாளைக்குப் பிறகு கடற்கரைக்கு வந்தார். கடல் முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. மற்றவர்களும் சுவர் ஏறிக் குதித்து வந்து சேர்ந்தார்கள். ஆய்வாளர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் முறையாக மணலில் இறங்கினார்.

"பள்ளத்து இடம் யாருக்குன்னு ரெண்டு சாட்சிகளுக்கு முன்னால பேரை உரக்க வாசிக்கணும். அப்பதான் செல்லும். யார் வர்றீங்க?"

செயலாளர் வந்தார். பூட்டுக்காரரும் ஓரடி எடுத்து வைத்தார்.

"நான் சாட்சியா நிக்கக் கூடாதுல்ல சார்? என் பேரைத்தானே வாசிக்கப்போறீங்க?"

"தாராளமா நிக்கலாம். உங்க பேரு இல்ல."

கூட்டம் புளியமரத்தையும் தாண்டியவன் யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"நேத்து மதியம் தலைமை அலுவலகத்துலேருந்து ஜீப் வந்துச்சு," என்றார் ஆய்வாளர். "பியூன் இறங்கி ஒரு முள்ளைப் பள்ளத்துல போட்டுட்டுப் போனாரு. நம்ம துறைத் தலைமை இயக்குநர் பொருட்டு."

"அவர் தலைநகர்லதானே இருக்காரு?" என்றார் பூட்டுக்காரர்.

"அதான் தூரம்."

"நரம்பு? அவ்வளவு நீளத்துக்கு நரம்பு ஏது?"

"விதியில எறிபவர் உண்டு, முள் உண்டு. நரம்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

பூட்டுக்காரருக்குப் புரிந்தது. அவர் தேடிக் கண்டுபிடித்த அதே துவாரம். அதில் ஜீப்பே நுழைந்து போயிருந்தது. செயலாளர் பக்கம் திரும்பினார். செயலாளர் மாலை போட்டுக்கொண்ட கழுத்தைத் தடவியபடி, "விதியை நாமதானே காப்பாத்தினோம், ஐயா" என்றார், முதல் தடவையாக மெதுவாக.

"அப்ப அந்த ஐயா வந்து இங்க மீன் பிடிப்பாரா?" என்று கேட்டாள் மனைவி. அவள் இன்னும் முழங்கால் தண்ணீரில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"அவர் வந்துட்டா தூரம் குறைஞ்சு இடம் போயிடும்மா. வரவே மாட்டார். நீங்க மேல ஏறுங்க. இனிமே அங்க முள்ளு நனைக்கக் கூடாது."

அவள் இரைச்சட்டியைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டு கரையேறினாள். காலடியில் கிழங்கான்கள் கலைந்து மறுபடி கூடின. மச்சினன் மட்டும் பூட்டுக்காரரின் காதருகே வந்து, "மாமா, தலைநகர்ல நமக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றான். கூட்டத்தில் பல பேர் அதே கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தது முகங்களில் தெரிந்தது.

"சாட்சிகள் நேரா நில்லுங்க" என்றார் ஆய்வாளர். கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அலைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி வாசித்தார்:

"பள்ளத்து இடம், இன்று முதல்: தலைமை இயக்குநர் அவர்கள், கடற்கரை எறிதல் துறை, தலைமை அலுவலகம், ஏழாம் மாடி, கடல் தெரியாத பக்கம்."