மச்சினி ஒலிபரப்பான ஞாயிற்றுக்கிழமை

உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ஒலிபரப்பும் அமெச்சூர் ரேடியோக்காரர்களில், விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒரு மென்பொருளை இறக்கிக்கொள்கிறார்கள், இரண்டு முறை 'நெக்ஸ்ட்' அழுத்துகிறார்கள், டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். என்னைப் போன்ற லினக்ஸ்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரே வேலைக்கு அவனுக்குப் பத்து மென்பொருள் உண்டு. பத்தும் இலவசம். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று மட்டும் வேலை செய்யாது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் பொழுதுபோக்கு. (ரேடியோ அதற்கு ஒரு சாக்கு என்பாள் என் மனைவி மாலதி.)

எங்கள் குடியிருப்பு சென்னையை அடுத்த முடிச்சூரில் இருக்கிறது. 2015 வெள்ளத்தில் கார் நிறுத்துமிடம் முழுக்கத் தண்ணீர். போன் எதுவும் வேலை செய்யவில்லை. தண்ணீர் வடிந்ததும் அக்கம்பக்கத்தவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். நான் பரீட்சை எழுதி ரேடியோ உரிமம் வாங்கினேன். மொட்டை மாடியில் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டினேன். மிகச் சரியாக அளந்து, மாடியின் நட்ட நடுவில். துணி காயப்போடும் கொடிகளும் அங்கேதான் ஓடின என்பதை அளவெடுக்கும்போது நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒருநாள் அசோசியேஷன் செயலாளர் ராஜகோபால் சார் வீட்டுக்கு வந்தார்.

"உங்க கம்பத்துல மாட்டி பெட்ஷீட் கிழியுதுன்னு கம்ப்ளைன்ட் சார். இது நமக்கு எதுக்கு?"

"வெள்ளம் வந்தா போன் இல்லாமலே நியூஸ் அனுப்பலாம் சார்."

"அப்ப அனுப்பிக் காட்டுங்க. ஞாயித்துக்கிழமை காலைல எல்லாரும் கீழ நிக்கிறோம். உருப்படியா ஏதாவது வந்தா கம்பம் இருக்கட்டும். இல்லன்னா அன்னிக்கே கழட்டிடுங்க."

இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதற்கு முன்பும் பின்பும் அவர் பேசியதில் இரண்டு காபி ஆறிப்போனது. பேச ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிகிறது, மோட்டாரை நிறுத்துங்கள் என்று குடியிருப்பு முழுவதற்கும் செய்தி அனுப்புபவரும் அவரே. எனவே எங்கள் வீட்டுக்குள் மட்டும் அவருக்கு 'ஓவர்ஃப்ளோ டேங்க்' என்று பெயர். வைத்தவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

செயல்விளக்கத் திட்டம் எளிமையானது. நான் என் லேப்டாப்பில் ஒரு செய்தியைத் தட்டச்சு செய்வேன். மென்பொருள் அதைத் தொண்டை கட்டிய குயிலின் கூவலாக மாற்றும். ரேடியோ அந்தக் கூவலை அனுப்பும். கீழே செயலாளர் கையில் ஒரு கையடக்க ரேடியோ. அதன் அருகில் ஒரு செல்போனைப் பிடித்தால், கூவலைக் கேட்டு அது மறுபடி எழுத்தாக்கிக் காட்டும்.

இதற்காக மென்பொருள்களை வரிசையாக நிறுவிப் பார்த்து, அட்டவணை போட்டு, மதிப்பெண் கொடுத்து, முதலிடம் பெற்றதைத் தேர்ந்தெடுத்தேன். அது அழகாக வேலை செய்தது. மேடவாக்கத்தில் இருக்கும் ரேடியோ நண்பர் அன்வருடன் சோதித்தும் பார்த்தாயிற்று. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம்தான் கவனித்தேன். அந்த மென்பொருள் தேதியை மாதம், நாள் என்ற வரிசையில் காட்டியது. மாற்றவும் வழியில்லை. இருபது வருடமாக நாள், மாதம், வருடம் என்று டைரி எழுதுகிறவனுக்கு அது சாம்பாரில் கிடக்கும் கல் மாதிரி. பட்டியலில் இரண்டாவதாக வந்த மென்பொருள் தேதியை ஒழுங்காகக் காட்டியது. அன்வருக்குப் போன் செய்தேன்.

"சார், ஓடிட்டு இருக்கறத தொடாதீங்க" என்றார்.

"தேதி தப்பா காட்டுது அன்வர்."

"நாளைக்கு கீழ நிக்கறவங்க தேதியா பாக்கப் போறாங்க?"

நான் பார்ப்பேனே. மாற்றினேன்.

புதிய மென்பொருள் தேதியைச் சரியாகக் காட்டியது. ரேடியோவை மட்டும் இயக்க மறுத்தது. கேபிள் வழியாக உத்தரவு கொடுக்க எனக்கு அனுமதி இல்லை என்றது. (என் சொந்தக் கம்ப்யூட்டரில், எனக்கு.) குறுக்குவழி ஒன்று இருந்தது. லேப்டாப்பிலிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் ரேடியோ தானாகவே ஒலிபரப்பத் தொடங்கும்படி வைக்கலாம். வைத்தேன். அந்த மென்பொருளின் சத்தத்தை மட்டும் ரேடியோவுக்குத் திருப்புவதற்குப் பதிலாக, லேப்டாப்பின் மொத்தச் சத்தத்தையும் திருப்பியிருந்தேன். அது எனக்குத் தெரியவில்லை. தேதியை ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை. கீழே நல்ல கூட்டம். கிழிந்த பெட்ஷீட்காரர்கள் முன்வரிசையில். மூன்றாவது மாடியில், எங்கள் ஹாலிலிருந்து 'முடிச்சூரில் அனைவரும் நலம், குடிநீர் தேவை' என்று அனுப்பினேன். கீழே செல்போனைப் பிடித்திருந்த வாட்ச்மேன் முனுசாமி கை காட்டினார். வந்துவிட்டது. அடுத்த செய்திக்கு முன் எல்லாரும் ஆன்டெனாவைப் பார்க்கட்டும் என்று மொட்டை மாடிக்குப் போய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து என் மச்சினி சரளா குரோம்பேட்டையிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டாள். ஞாயிறு காலையில் அக்காவும் தங்கையும் பேசுவது அந்த லேப்டாப்பில்தான். மாலதி எடுத்தாள். படம் வந்தது, குரல் வரவில்லை. குரல் ரேடியோவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"கேக்கலடி" என்றாள் மாலதி. சரளா இன்னும் உரக்கப் பேசினாள். கைப்பிடிச் சுவரோரம் வந்து நான் எட்டிப் பார்த்தபோது கையடக்க ரேடியோவைச் சுற்றிப் பத்து இருபது தலைகள் நெருங்கின. சிரிப்பு எழுந்தது. அறிவியலைக் கண்ட வியப்பு என்று நினைத்துக் கையசைத்தேன். இன்னும் பெரிய சிரிப்பு. லேசாகக் குனிந்து வணக்கமும் சொன்னேன்.

முனுசாமி மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

"சார், அந்த கம்ப்யூட்டர நிறுத்து சார். உங்க மச்சினி பேசிகினு கீறாங்க. கீழ அல்லாரும் கேட்டுகினு கீறாங்க."

"என்ன பேசறா?"

முனுசாமி கம்பத்தைப் பார்த்தார். "ஓவர்ஃப்ளோ டேங்க் வந்துட்டாரா, மாமாவ விட்டுட்டாரான்னு கேக்கறாங்க சார். யார் சார் அது?"

நான் இறங்கி ஓடினேன். ஹாலில் மாலதி ஜன்னல் வழியே கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, சரளா குரல் கீழேர்ந்து வருது. இங்கயே வந்துட்டாளா?" திரையில் சரளா வாயசைத்துக்கொண்டே இருந்தாள். நான் பிடுங்கியது எந்த ஒயர் என்று இன்றும் தெரியாது. எல்லாமே அணைந்தது.

உடனே அன்வரிடமிருந்து போன். "சிக்னல் மேடவாக்கம் வரைக்கும் பிரமாதம் சார். உங்க மச்சினிய லைசென்ஸ் எடுக்கச் சொல்லுங்க. யார் சார் அந்த டேங்க்?"

ஆன்டெனாவைக் கழற்றும் ஸ்பேனரைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் கீழே போனேன். கூட்டம் வழிவிட்டது. ராஜகோபால் சார் ரேடியோவைத் திருப்பித் தந்தார். முதல்முறையாக அவர் சுருக்கமாகப் பேசினார்.

"எல்லாம் கேட்டுச்சு சார்."

"சார், அது வந்து..."

"குயில் மாதிரி ஏதோ கத்திச்சே, அதுல எனக்கு ஒண்ணும் புரியல. அந்தம்மா பேசினது மட்டும் ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுது. வெள்ள நேரத்துல அது போதும். கம்பம் இருக்கட்டும்." ஸ்பேனரைப் பார்த்தார். "கொடிய நீங்களே தள்ளிக் கட்டிக் கொடுத்துடுங்க. நான் கெளம்பறேன், டேங்க் ரொம்பிடும்."

மறுநாளே கொடிகளை மாற்றிக் கட்டினேன். பழைய மென்பொருளுக்கும் திரும்பிவிட்டேன். அதன் பக்கம் போகும்போதெல்லாம் தேதியைப் பார்க்காமல் இருக்கப் பழகிவருகிறேன்.

அசோசியேஷன் கூட்டத்தில் இப்போது ராஜகோபால் சார் பேச எழுந்ததும் முதலில் என் பக்கம் திரும்பி, "கம்ப்யூட்டர் ஆஃப்ல இருக்கில்ல சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். நான் ஆமாம் என்றதும் ஒரு மணி நேரம் பேசுகிறார்.

சரளா இன்றும் ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாள். முகம் தெரிந்ததும் ஹலோ சொல்வதில்லை. "மாமா, இன்னிக்கு நான் பேசறது வீட்டுக்கா, ஊருக்கா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். நான் போய் ஒயர்களைச் சரிபார்த்து, "வீட்டுக்குத்தான்" என்று சொன்ன பிறகே வாய் திறக்கிறாள். அப்புறம் என்னை வெளியே போகச் சொல்கிறாள்.