கிஷோருக்கு ஒரு குறை வேண்டும்

"மேடம், உங்க மெயின் கேரக்டர் ஓவர் உத்தமமா இருக்குன்னு வாசகருங்க திட்டித் தீர்க்கறாங்க. ஏதாவது குறை சேருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா தொடரை நிறுத்திடுவாங்க."

கதைச் செயலியின் ஆசிரியை தமயந்தி போனை வைத்ததும் சொர்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. விவேக் நகரில், பேக்கரிக்கு மேலே உள்ள இரண்டு அறை வீட்டில் உட்கார்ந்து அவள் எழுதும் முதல் தொடர் அது. நாற்பது அத்தியாயம் கண்ணும் கருத்துமாக வளர்த்திருந்தாள்.

மெயின் கேரக்டர் என்றால் கதாநாயகன் கிஷோர்தானே? யோசித்தால் வாசகர்கள் சொல்வதும் நியாயம்தான். மனைவி தும்மினாலே கஷாயத்தோடு வந்து நிற்கிறவனை யார் நம்புவார்கள்? கதாநாயகி சஹானாவைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. தன்னையே பார்த்து எழுதியதாயிற்றே!

குறைக்கு எங்கே போவது? எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. கணவன் ரகுராம் அப்போதுதான் குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டைக் கட்டிலில் எறிந்தான்.

அன்றைய அத்தியாயத்தில் கிஷோரும் எறிந்தான். சஹானா புன்னகையோடு அதை எடுத்துக் கொடியில் உலர்த்தினாள்.

மறுநாள் கருத்துகள் குவிந்தன. 'இப்படியும் ஒரு பிறவியா?' 'கோயில் கட்டிக் கும்பிடலாம்!'

"துண்டை எறிஞ்சவனுக்குக் கோயிலா?" சொர்ணம் தலையில் கை வைத்துக்கொண்டாள். டோஸ் போதவில்லை.

அடுத்த அத்தியாயத்தில் கிஷோர் மனைவியின் பிறந்தநாளை மறந்துபோய், சொல்லாமல் கொள்ளாமல் நான்கு நண்பர்களைக் கிரிக்கெட் பார்க்க வீட்டுக்கு அழைத்துவந்தான். சஹானா முகம் சுளிக்காமல் ஐந்து பேருக்கும் பஜ்ஜி சுட்டாள்.

ரகுராம் போனும் கையுமாக ஓடிவந்தான்.

"ஏய், இது போன மாசம் நம்ம வீட்ல நடந்ததாச்சே! ஆனா நீ எங்க பஜ்ஜி சுட்டே? எல்லார் எதிர்லயும் டிவி வயரை இல்ல பிடுங்கினே!"

"அதையெல்லாம் கதையில எழுத முடியுமா? சும்மா இருங்க."

மாலையில் தமயந்தி மறுபடி கூப்பிட்டாள்.

"என்ன மேடம் பண்ணீங்க? கம்ப்ளெயின்ட் ரெண்டு மடங்காயிடுச்சு!"

சொர்ணத்துக்கு வெறியே வந்துவிட்டது. வியாழக்கிழமை கிஷோர் சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினான். மச்சினி கல்யாணத்தில் தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று முகூர்த்தத்துக்கு முன்பே கோபித்துக்கொண்டு கிளம்பினான். எழுதும்போது அவளுக்கே அவனை அறையலாம்போல இருந்தது. சஹானாவோ, "கோபத்திலும் இவர் ஒரு குழந்தை" என்று சிரித்தபடி அவன் பின்னாலேயே ஓடினாள்.

'முடியலடா சாமி! இவ்வளவு நல்ல மனசு தெய்வத்துக்குக்கூடக் கிடையாது!' என்றது முதல் கருத்து. அதற்குக் கீழே முந்நூறு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ரொட்டி வாங்கக் கீழே இறங்கியவள் பேக்கரி லாயிட்டிடம் உடைந்தே போனாள். முதல் அத்தியாயத்திலிருந்து விடாமல் படிக்கிற வாசகன் அவன்.

"என் தொடர் இன்னிக்கோட போச்சு, லாயிட். அந்தக் கிஷோரை இதுக்கு மேல எப்படித்தான் கெடுக்கறது?"

லாயிட் ரொட்டியைப் பொட்டலம் கட்டியபடியே நிமிர்ந்து பார்த்தான்.

"கிஷோரு மேல யாருக்கும் கம்ப்ளெயின்டே இல்லியேக்கா. இவ்ளோத்தையும் சிரிச்சுக்கினே தாங்குதே அந்த சஹானா, அப்படி ஒரு பொம்பளை எந்த ஊர்லக்கா இருக்கா?"