மொரப்பூர் ஸ்டேஷனில் ஒரு ரிங்

வேலையில் மூழ்கிப்போகிறவர்களை ஊர் உயர்வாகப் பேசும். அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால்தான் உண்மை தெரியும். எங்கள் வீட்டில் கேட்டால், என் தங்கை ரேவதியைப் பெண் பார்க்க வந்த நாளைச் சொல்வார்கள். நானே சொல்லிவிடுகிறேன். அவர்கள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

அப்போது பெங்களூர் கம்பெனி வேலையை மொரப்பூர் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டிலிருந்தே பார்த்துவந்தேன். என் வேலை ஹைப்பர்வைசர். ஒரு கணினிக்குள் பல கணினிகள் இருப்பதாக நம்பவைக்கும் மென்பொருள் அது. ("அப்ப ஏமாத்து வேலைதான்னு சொல்லு" என்றார் அப்பா. முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியவில்லை.) உள்ளே இருக்கும் கணினிக்கு வேலை இல்லாவிட்டால் அது தூங்கும். வேலை வந்தால் இன்டரப்ட் என்ற சமிக்ஞை போய்த் தட்டி எழுப்பும். எங்கள் சிக்கல் என்னவென்றால், எப்போதாவது ஒன்று தூங்கினால் எழுந்திருப்பதே இல்லை. காரணம் தேட நிரலில் ஒரு வரி சேர்த்தால் கோளாறு ஒளிந்துகொள்ளும். அந்த வரியை எடுத்தால் வந்து நிற்கும். வாரக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டி, என்ன சாப்பிடுகிறேன் என்றே தெரியாத நிலைக்கு வந்திருந்தேன்.

பெண் பார்க்க வருகிறவர்கள் திருப்பத்தூர்ப் பக்கம். ரயிலில் வருவார்கள். காரில் போய் அழைத்துவருவது என் பொறுப்பு. ரயிலைவிட்டு இறங்கியதும் ஒரு ரிங் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எடுக்காவிட்டால் ஆள் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார் என்று பொருள். மறுபடி அடித்துத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

அன்று காலை போனைப் பார்த்தேன். அழைப்பு ஏதும் இல்லை. நேரம் இருக்கிறதே, ஒரு சோதனை ஓட்டிவிடலாம் என்று ஹெட்போனை மாட்டினேன். அப்புறம், திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி போனைச் சைலன்டில் போட்டேன். பார்த்ததற்கும் சைலன்டில் போட்டதற்கும் நடுவே அந்த ரிங் வந்து போயிருக்கிறது.

அவர்கள் வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டு, ஆட்டோ பிடித்து ஊருக்கு வந்தார்கள். தெருக்குழாயில் நைட்டியோடு தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் வழி கேட்டார்கள். அது ரேவதி. பட்டுப்புடவை கட்டி, தலைகுனிந்து காபித் தட்டோடு வர வேண்டியவள், குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர்கள் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வாசலில் அப்பா சட்டையில்லாமல் தக்காளிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு வெளியே வந்தேன். மாப்பிள்ளையின் அம்மா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு ரிங் வுட்டோம் தம்பி. நீங்க எடுக்கல. வண்டியில வந்துட்டிருப்பீங்கன்னு நாங்க மறுக்கா அடிக்கல."

அந்த இடத்தில் எந்த மனிதனும் மன்னிப்புக் கேட்பான். எனக்கு மண்டையில் பளிச்சென்றது.

"நான் முழிச்சிட்டிருக்கேன்னு நெனச்சுத்தான் மறுக்கா எழுப்பலீங்களா?" என்று கேட்டேன். மகிழ்ச்சியில் குரல் வேறு உயர்ந்துவிட்டது. அதட்டுகிறேன் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. அதற்குள் நான் அறைக்குள் ஓடியிருந்தேன்.

எங்கள் கணினியும் என்னைப் போலவே வேலை வந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தது. அப்புறம்தான் 'தூங்குகிறேன்' என்று பலகை மாட்டியது. அந்த இடைவெளியில் வருகிற இன்டரப்ட், பலகை இல்லாததால் விழித்திருக்கிறது என்று நம்பித் தட்டாமல் போய்விடும். வரிசையை மாற்றினேன். முதலில் பலகை, பிறகு இன்னொரு முறை வாசலைப் பார். அவ்வளவுதான். சோதனைகளை ஓட்டவிட்டேன். தூங்கிய ஒவ்வொன்றும் தட்டியதும் எழுந்தது.

"புடிச்சிட்டேன்!" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தேன். கூடத்தில் காலி டம்ளர்கள்தான் இருந்தன. அப்பா என்னைப் பார்க்காமல் தக்காளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேவதி புடவையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு அவரப் புடிச்சிருந்துச்சுண்ணா" என்றாள்.

மறுநாள் தரகர் மூலம் பதில் வந்தது. ஸ்டேஷனுக்கு வர ஒரு ஆள் இல்லாத வீட்டில் சம்பந்தம் வேண்டாமாம். என் திருத்தத்தைப் பாராட்டி கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்ததும் அன்றுதான். அதை முழுதாகப் படிக்கப் பிடிக்கவில்லை. என்னை எனக்கே பிடிக்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒத்திகை பார்த்துவைத்திருந்த மன்னிப்பு வாசலிலேயே மறந்துபோனது. தப்பு என்னுடையது, தண்டனை மட்டும் தங்கைக்கு வேண்டாம் என்றேன். அந்த அம்மா சாப்பாடு போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பரிமாறிக்கொண்டே இருந்தார்.

"உங்கள நம்பிப் பொண்ணு எடுக்கல தம்பி" என்றார் கடைசியில். "ஆருன்னு கேக்காம எங்க பையத் தூக்கிட்டு வந்தா பாருங்க, அதுக்காவ எடுக்கறோம்."

கல்யாணம் நடந்தது. ரேவதிக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். அந்த அம்மா பேத்தியோடு அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வருகிறார். எனக்கு மட்டும் போன் செய்வதில்லை. ரேவதியிடம் கேட்டுக்கொண்டு, ரயில் வருவதற்கு முன்பே போய் நடைமேடையில் நிற்கிறேன். அவர் இறங்கி, என்னைப் பார்த்துச் சிரித்து, "நீங்க வேலையப் பாருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு நேராக ஆட்டோவில் போய் ஏறுகிறார். பேத்தி பின்பக்கமாக எட்டிப் பார்த்துக் கையாட்டுகிறாள். நான் காலிக் காரை ஓட்டிக்கொண்டு அந்த ஆட்டோவுக்குப் பின்னாலேயே வீடுவரை வருகிறேன்.