பாலைக் குடிக்காதீர்கள்

சோம்பேறிகளால் யாருக்கும் பெரிய ஆபத்து கிடையாது. சோம்பேறியாகவும் இருந்துகொண்டு, சுறுசுறுப்பானவன் என்று பெயரும் வாங்க ஆசைப்படுகிறவனால்தான் ஆபத்து. இருபத்தெட்டு வயதில் நான் இந்த இரண்டாவது ரகம்.

ஐம்பதுகளின் கடைசியில் துறைமுக அலுவலகத்தில் கிராணியாக இருந்தேன். (குமாஸ்தா என்பதை அப்போது அப்படித்தான் சொல்வோம். கேட்க ஏதோ பெரிய உத்தியோகம் மாதிரி இருக்கும்.) சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பலகை வீடு. நான், என் மனைவி சரோஜா, பதினான்கு மாதக் குழந்தை வள்ளி. வீட்டுக்குப் பின்னால் கொல்லை. கொல்லை முழுக்க இடுப்பு உயரத்துக்கு லாலாங் புல். கை பட்டால் கத்தி மாதிரி கிழிக்கும்.

ஒரு நாள் அந்தப் புல்லுக்குள்ளிருந்து ஒரு நாகம் வெளியே வந்து, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சரோஜாவைப் பார்த்துத் தலையைத் தூக்கியது.

"என்னங்க, புள்ள நடக்க ஆரம்பிச்சுட்டா. நீங்க ஒரு ஆளை வச்சு இதை ஒழிக்கிற வரைக்கும் நான் கிள்ளான்ல எங்கம்மா வீட்டுல இருக்கேன்" என்றாள்.

"ஆள் எதுக்கு? ஒரு புல்லை வெட்ட எனக்குத் தெரியாதா?"

தெரியாது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பெட்டியைக் கட்டாமல் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டில் ஒரு மண்வெட்டியை இரவல் வாங்கி, ஞாயிறு முழுக்க வெட்டினேன். வெட்டியதை வேலியைச் சுற்றிக்கொண்டு போய்க் கொட்டச் சோம்பல்பட்டு, பின்வேலியில் இரண்டு பலகைகளைப் பிடுங்கிவிட்டு அந்த வழியாகவே வெளியே தள்ளினேன். மறுநாள் அலுவலகத்தில் பேனா பிடிக்க முடியவில்லை. பெரிய கிராணி சவரிமுத்து என் கொப்புளங்களைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, சம்பளம் பத்தாம கப்பல்ல மூட்டை தூக்குறீங்களா?" என்றார். பத்தே நாளில் லாலாங் மறுபடியும் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. முன்பைவிடப் பசுமையாக வேறு.

அப்போதுதான் என் சிநேகிதன் துரைசாமி வந்தான். ஜொகூரில் ரப்பர் தோட்டத்துக் கிராணி. வரும்போதே ஒரு தகர டின் கொண்டுவந்திருந்தான்.

"தோட்டத்துல இதைத்தான்டா அடிக்கிறோம். தண்ணியில கலந்து தெளி, லாலாங் வேரோட கருகிரும். ஆனா ஒண்ணு. ஆடு மாடு கிட்ட வராமப் பாத்துக்க. உப்புக் கரிக்கிறதால தேடி வந்து நக்கும். சுத்த விஷம்லா."

"சரி, சரி" என்றேன். (பாதி கேட்டதுமே சரி சரி என்பது என் பிறவிக் குணம்.)

சனிக்கிழமை மதியம் பூவாளியால் கொல்லை முழுக்கத் தெளித்தேன். குழந்தை வெளியே போகாதபடி பின்கதவைத் தாழிட்டேன். சரோஜாவைக் கூப்பிட்டு ஜன்னல் வழியாகக் காட்டி, விஞ்ஞானத்தைப் பற்றிச் சின்னச் சொற்பொழிவு ஒன்றும் ஆற்றினேன். பிடுங்கிய இரண்டு பலகைகளின் நினைவு எனக்கு வரவேயில்லை.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொல்லையைப் பெருமையோடு எட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு மாடு நின்று மேய்ந்துகொண்டிருந்தது. சந்துக் கோடியில் கொட்டகை போட்டு மூன்று மாடு வைத்திருந்த பால்காரர் மாரிமுத்துவின் ராணி. எங்கள் வீட்டுக்குப் பால் கொடுக்கும் மாடு.

துரத்தினேன். வேலி இடைவெளி வழியாக அது ஆற அமரப் போயிற்று. அப்போது மணி இரண்டு. அடுத்து நான் செய்த காரியத்தை எழுதக் கை வரவில்லை. சுத்தியலை எடுத்து, அந்த இரண்டு பலகைகளையும் திரும்ப அடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகவும் நேர்த்தியாகவும் நான் எந்த வேலையும் செய்ததில்லை. பிறகு உள்ளே போய்ப் பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு வாய்தானே தின்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரே பக்கத்தை இரண்டு மணி நேரம் வாசித்தேன்.

நாலு மணிக்கு மாரிமுத்து பாலோடு வந்தார்.

"ராணிக்கு என்னமோ ஆயிருச்சும்மா. உதைக்குது, ஒரே கழிச்சல். எப்படியோ கறந்து எல்லா வீட்டுக்கும் ஊத்திட்டேன். ஒங்க வீடுதான் கடைசி" என்று சரோஜாவிடம் சொன்னார்.

சரோஜா பாலை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வள்ளி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே தத்தித் தத்திப் போனாள். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. ஓடிப்போய்ப் பாத்திரத்தைத் தட்டிவிட்டேன்.

"மாடு விஷப் புல்லைத் தின்னிருச்சு!"

"எப்போ?" என்றாள் சரோஜா.

"இப்பதான்."

மாரிமுத்து என்னை ஒரு கணம் பார்த்தார். சந்தில் இறங்கி ஓடினார். கைலி, பனியனோடு நானும் ஓடினேன்.

மொத்தம் ஒன்பது வீடுகள். கதவைத் தட்டி "பாலைக் குடிக்காதீங்க! பாலைக் குடிக்காதீங்க!" என்று கத்தினோம். ஒரு சீன அம்மாவுக்கு நான் கத்தியது புரியவில்லை. பாலைக் காட்டி, கழுத்தைப் பிடித்து, கண்ணைச் செருகி, வாசலில் விழுந்து செத்துக் காட்டினேன். நான் குடித்துவிட்டு வந்திருப்பதாக நினைத்து, கையிலிருந்த பாலை என் மேலேயே ஊற்றிக் கதவைச் சாத்தினாள். (பால் போனால் சரி என்று அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.)

எட்டு வீட்டில் பால் தப்பியது. ஒன்பதாவது வீடு பெரிய கிராணி சவரிமுத்துவுடையது. வாசலில் நின்றபடி மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, இந்தக் கோலம்?"

"சார், பாலைக் குடிச்சிட்டீங்களா?"

"கறந்த சூட்டோட குடிச்சாத்தான் உடம்புல ஒட்டும். ஏன், தண்ணி கலந்திருக்கா?"

"இல்ல சார். புல்லுக்கு அடிக்கிற விஷம்."

டாக்சியில் அவர் என் கையை விடவேயில்லை. "எனக்கு ஒண்ணு ஆனாலும் என் நாற்காலி ஒனக்கு வராது. அத மனசுல வச்சுக்க" என்றார். அவர் மனைவி ஜெபமாலையை உருட்டிக்கொண்டே என்னை முறைத்தார். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு அவர் அலுவலகத்தில் என் கையால் ஒரு காகிதம்கூட வாங்கியதில்லை. மேசையில் வைக்கச் சொல்வார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. கொட்டகையில் ராணி கால்களை நீட்டிக் கிடந்தது. மாரிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். உயிர் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

"மாரிமுத்து, நான்..."

அவர் நிமிரவில்லை. "ரெண்டு மணிக்கே அது கொட்டாய்க்கு வந்துருச்சு, கிராணியாரே" என்றார், மெதுவாக. "அப்பவே சொல்லியிருந்தா மாட்டு டாக்டரைக் கூட்டியாந்திருப்பேன்."

மாட்டுக்கு ஈடு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். மறு வாரமே சரோஜா புல் வெட்ட ஆள் வைத்தாள். மாரிமுத்து தன் சாவு வரைக்கும் அந்த இரண்டு மணி விஷயத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இது பெரிய நகைச்சுவைக் கதை. வள்ளியின் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பாலும் பழமும் கொடுத்தபோது, "இருங்க, முதல்ல இவங்கப்பா குடிச்சுக் காட்டட்டும்" என்றாள் சரோஜா. மண்டபமே சிரித்தது. இப்போது பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள். நான் செத்து விழுந்து காட்டியதை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டுகிறார்கள். அவர்கள் சொல்லும் கதையில், மாட்டைப் பார்த்த அடுத்த நிமிடமே தாத்தா கைலியோடு சந்தில் இறங்கி ஓடுகிறார்.

நான் ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை.