கல் கட்டிய பள்ளிக்கூடம்

ஏரியின்மேல் மிதந்துகொண்டிருந்த நாடு ஒன்று உண்டு. பெயர் மிதவைநாடு. அங்கே வீடும் தெப்பம், கடையும் தெப்பம், அரண்மனையும் தெப்பம். விடியலில் பனி இறங்கினால் எது நீர், எது வானம் என்று மீன்களுக்கே குழப்பம் வரும். அல்லிகளுக்கு நடுவே மூங்கில் தெப்பமொன்றில் இருந்த அரசுப் பள்ளியில் மரகதவல்லி பாடம் நடத்தினாள். பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லும்போது தெப்பம் தூளிபோல் ஆடும். அந்த ஆட்டம் அவளுக்குப் பிடிக்கும்.

ஒருநாள் அரசருக்கு, தம் ஆசிரியர்களின் தரம் என்னவென்று தெரிந்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. அரசருக்குத் தோன்றினால் போதாதா? அளவைத் துறை பிறந்தது. ஓலையில் எழுதினால் நனைந்துவிடுமாம். எனவே ஒவ்வொரு ஆசிரியரின் தகுதியையும் கல்லில் வெட்டி, அவரவர் பள்ளித் தெப்பத்திலேயே கட்டித் தொங்கவிட வேண்டும் என்று ஆணை வந்தது. அதே எடையில் நகல் ஒன்று அரண்மனைக்குப் போகும்.

மரகதவல்லி நிறையப் படித்தவள். அதனால் பெரிய கல். தெப்பம் இரண்டு விரற்கடை இறங்கியது. அடுத்து, அனுபவத்துக்கு ஆண்டுக்கொரு கல் என்றார்கள். அவளோ தலை நரைக்கும்வரை பாடம் சொன்னவள். குருவி தலையில் பனங்காய் வைத்தாற்போல் மூங்கில்கள் முனகின. பிள்ளைகளின் பாதங்களைக் கெண்டைக் குஞ்சுகள் வந்து கொத்தின, அவர்கள் சிரித்தார்கள். அவளுக்குப் பயமாக இருந்தது.

மூன்றாவதாக மனப்பான்மையை அளக்க, துறைத் தலைவர் திருமேனிநாதரே படகில் வந்தார்.

"அரசரின் திட்டம் பற்றி ஆசிரியையின் மனப்பான்மை யாது?"

"தண்ணி ஏறுதுங்க, ஐயா. சின்னப் பிள்ளைங்களுக்கு முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு."

"குறையுள்ள மனப்பான்மை," என்றார் அவர் வருத்தத்துடன். "விரிவாக வெட்ட வேண்டியிருக்கும். பெரிய கல்லாகக் கொண்டுவாருங்கள்."

நல்ல மனப்பான்மைக்குக் கூழாங்கல் போதுமாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

எடை மிகுந்த பள்ளிகளுக்குப் பட்டுக்கொடி பரிசளித்தார்கள். கொடி மட்டும் நீருக்கு மேலே தெரிந்த பள்ளிகள் முதலிடம் பெற்றன. அந்தப் பிள்ளைகள் வீட்டுக் கூரைகளில் உட்கார்ந்து மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மரகதவல்லியின் பள்ளியில் கரும்பலகையிலிருந்து எழுத்துகள் கழன்று, அல்லி இலைகளுக்கிடையே மிதந்து போயின. ஒன்றாம் வகுப்புச் செவ்வந்தி, சிலேட்டைத் தலைமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். "டீச்சர், மூக்கு வரைக்கும் வந்துட்டா நான் எப்படி வாசிப்பேன்?"

மரகதவல்லி அரிவாளை எடுத்துக் கயிறுகளை அறுத்தாள். படிப்பு போயிற்று, அனுபவம் போயிற்று, மனப்பான்மை பெருஞ்சத்தத்தோடு போயிற்று. தெப்பம் நீரை உதறிக்கொண்டு எழுந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போது தெப்பம் மறுபடி ஆடியது; அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் திருமேனிநாதர் நீந்தி வந்தார். நகல் கற்களை ஏற்றிய அவருடைய படகு வழியிலேயே மூழ்கிவிட்டது. பிள்ளைகள் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். செவ்வந்தி துண்டு கொடுத்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே அவர் சுற்றிலும் பார்த்தார்.

"கல் ஒன்றையும் காணோம். ஆகவே இங்கே ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாததால் இது பள்ளியும் இல்லை. அரசருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். என்னை அரண்மனையில் கொண்டுபோய் விடுங்கள்."

இல்லாத ஆசிரியை கழியை ஊன்றித் தள்ளினாள். இல்லாத பள்ளி பனிக்குள் மெல்ல நகர்ந்தது. அரண்மனை இருந்த இடத்தில் கொடி மட்டும் நீருக்கு மேலே அசைந்துகொண்டிருந்தது.

"அரண்மனை எங்கே, ஐயா?" என்றாள் செவ்வந்தி.

"கீழே இருக்கிறது," என்றார் திருமேனிநாதர் பெருமிதத்தோடு. "முதலிடம்."

சற்று நேரத்தில் கொடியின் அடியிலிருந்து குமிழிகள் வந்தன. அவர் எழுந்து நின்று, கைகூப்பி, கடைசிக் குமிழி உடையும்வரை கேட்டார். புதிய ஆணை. பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பரிவோடு விசாரித்தார்.

"இந்தத் தெப்பத்தில் கல் ஏதாவது கிடைக்குமா, குழந்தைகளே?"