மடியில் கனம்

பிள்ளைகளைத் தலைகீழாகப் பிடித்து உதறிவிட்டு, அதன் பிறகு அதே தலையில் கைவைத்து ஆசீர்வதித்த ஒரே ஊழியக்காரர் இந்தப் பூமியில் எங்கள் தராசு உபதேசியாராகத்தான் இருக்க முடியும். வேறு யாராவது இருந்தால் வாசகர்கள் தாராளமாக எழுதலாம், நான் நம்பமாட்டேன்.

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். கொல்லிமலைக்கு அப்போது பஸ்ஸும் கிடையாது, ரோடும் கிடையாது. உப்பிலிருந்து சீமெண்ணெய் வரை எல்லாம் அடிவாரத்திலிருந்து தலைச்சுமையாகத்தான் மேலே வரவேண்டும். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அரியூர் நாட்டில் மிஷன்காரர்கள் புல்லுக்கூரை வேய்ந்து ஒரு பள்ளிக்கூடமும், தொலைவிலிருந்து வரும் பிள்ளைகள் தங்கிச் சாப்பிட ஒரு விடுதியும் நடத்தினார்கள். இரண்டையும் பார்த்துக்கொண்டவர் உபதேசியார். அடிவாரத்து ஆள். ஒல்லி, உயரம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கவேண்டும், யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மற்ற உபதேசியார்கள் வேதப் புத்தகத்தோடு மலை ஏறுவார்கள். இவர் ஏறிய அன்று, புளி மண்டியில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு ஒன்றையும் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். வேதப் புத்தகம் தராசுத் தட்டில் சவாரி செய்துகொண்டு வந்தது.

"ஆத்துமாவ நிறுக்க ஆண்டவர் இருக்காருங்க. ஒடம்ப நிறுக்கத்தான் இந்த மலைல ஆளில்லைங்க. அதான் நான் வந்துட்டேன்" என்றாராம் ஊர்ப் பெரியவர்களிடம்.

பள்ளிக்கூடத்துப் பலாமரக் கிளையில் தராசு தொங்கும். விடுதிக்குப் பிள்ளை வந்த அன்று அதை ஒரு தட்டில் உட்கார வைப்பார். மறு தட்டில் ஒரு துணிப்பை. முள் நடுவில் நிற்கும்வரை பையில் சாமையைக் கொட்டுவார். பிறகு பையைக் கட்டி, பிள்ளையின் பெயரை எழுதி உத்தரத்தில் தொங்கவிடுவார். அடுத்த மாதம் அதே பைக்கு எதிரே அதே பிள்ளை. பிள்ளையின் தட்டு கீழே போனால் "தோத்திரம்!" என்று ஒரு கூவல். மேலே போனால் அன்றைக்குச் சமையல்காரம்மாவுக்குத் தனிப் பிரசங்கம்.

எங்கள் ஜனங்கள் இதை வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். ஒரு தட்டில் ஆள், மறு தட்டில் தானியம் என்றால் அது கோயில் நேர்த்திக்கடன் அல்லவா? எடைக்கு எடை நாம்தானே கொடுக்கவேண்டும்? இந்தப் புதுச் சாமி என்றைக்காவது சாமையைக் கேட்டுவிட்டால்? யோசித்துப் பார்த்து, ஒவ்வொரு வீட்டிலும் இருப்பதிலேயே ஒல்லியான பிள்ளையாகப் பொறுக்கி அனுப்பினார்கள். வரிசையைப் பார்த்த உபதேசியார் கொஞ்ச நேரம் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு வந்து, சமையல்காரம்மாவிடம் "அக்கா, இன்னொரு பானை வெய்யுங்க" என்றாராம்.

அந்த ஒல்லி வரிசையின் கடைசியில் நின்ற ஒல்லி நான்.

என்னைத் திண்ணனூர் நாட்டிலிருந்து என் தகப்பனார், எங்கள் பேச்சில் ஐயன், தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு வருஷமாக வெள்ளாமை இல்லை. காட்டுக் கிழங்கை வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தோம். எனக்கு எட்டு வயசு. பேசி முடித்த மாப்பிள்ளை வீடும் இருந்தது.

"மழ முடியிற வரைக்கும் உடறனுங்க. அப்ப வந்து பாப்பேன். எடை ஏறியிருந்தா இங்கயே படிக்கட்டும். எறங்கியிருந்தா கூட்டிட்டுப் போயிருவேன். மாமன் ஊட்டுல பரியப் பணம் வெச்சுட்டுக் காத்திருக்காங்க" என்றார் ஐயன்.

"தராசு பொய் சொல்லாதுங்க" என்றார் உபதேசியார். பாவம், அப்போது அப்படித்தான் நம்பினார்.

இரண்டாம் மாதம் ஓர் அற்புதம் நடந்தது. அத்தனை பிள்ளைகளின் தட்டும் ஒன்றுவிடாமல் தடாலென்று கீழே போயிற்று. உபதேசியார் பலாமரத்தைச் சுற்றி ஒரு ஆட்டமே ஆடிவிட்டார். கீழே இருந்த மிஷன் துரைக்கு மூன்று பக்கத்தில் கடிதம் போயிற்று. நாலு நாள் கழித்துத்தான் உத்தரத்தில் தொங்கிய பைகளில் எலி ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். எடை கூடியிருந்தவை எலிகள். துரைக்கு மறுபடி மூன்று பக்கம் எழுதினார். அதற்குப் பிறகு பைகளில் ஆற்று மணல். மணலை எந்தச் சாமியும் கேட்காது என்று ஜனங்களுக்கும் நிம்மதி.

வந்தது வினை வேறு வழியில். எடை ஏறிய பிள்ளையின் வீட்டுக்கு ஒரு படி உப்பு என்று உபதேசியார் வாய்விட்டுவிட்டார். மலையில் உப்பு என்றால் சும்மாவா! மறுமாதமே பிள்ளைகள் கனக்க ஆரம்பித்தன. ஒருத்தன் கோவணத்தில் கூழாங்கல். ஒருத்தி கொண்டைக்குள் ஈரக் களிமண். இன்னொருவன் கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல் நின்றான். வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு கன்னத்திலும் கல். எடை நாளில் வந்த ஒரு தாய், மகனின் முதுகில் அம்மிக்குழவியையே கட்டிப் போர்வையைப் போர்த்தி வரிசையில் நிறுத்தியிருந்தாள்.

"ஏனுங்க ஆத்தா, பையன் கூன் உழுந்துட்டானா?"

"பொறப்பே அப்படித்தானுங்க."

"போன மாசம் நிமிந்து நின்னானுங்களே?"

"அது போன மாசமுங்க."

அன்றிலிருந்துதான் "உதறு!" பிறந்தது. தட்டில் ஏறுமுன் பிள்ளை பத்துத் தரம் குதிக்கவேண்டும். குதித்தும் சந்தேகம் தீராவிட்டால் காலைப் பிடித்துத் தலைகீழாக ஒரு உதறல். உதிர்ந்த கற்களைக் கொண்டு விடுதிக்குச் சுற்றுச்சுவரே எழுப்பிவிட்டார் என்று சொல்வார்கள். முழங்கால் உயரத்துக்கு நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கு அந்த விடுதி பிடித்துப்போயிற்று. இரண்டு வேளைக் கஞ்சி, எனக்கே எனக்கென்று ஒரு சிலேட்டு. அதில் என் பெயரை எழுதுவேன், எச்சில் தொட்டு அழிப்பேன், மறுபடி எழுதுவேன். உடம்பும் மெல்லத் தேறியது. கார்த்திகையில் மலைக்காய்ச்சல் வந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. கொயினா மருந்தைக் குடித்து எழுந்து உட்கார்ந்தபோது, வந்த அன்றைக்கு இருந்ததைவிட மெலிந்திருந்தேன். மறு வாரம் ஐயன் வரவேண்டிய நாள்.

அந்த நாள் காலையில் ஓடைக்குப் போனேன். இரண்டு கல் பொறுக்கினேன். ஒன்று வெள்ளை. மற்றது கறுப்பு, இடுப்பில் அரைஞாண் கட்டியதுபோல் அதில் ஒரு வெள்ளைக் கோடு. பாவாடையின் இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். ஓடையிலிருந்து பலாமரம் வரை மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஐயன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முதல் ஆளாகக் குந்தியிருந்தார். வரிசை நகர்ந்தது. உதறு, ஏறு, தோத்திரம். உதறு, ஏறு, தோத்திரம். என் முறை. உபதேசியார் என்னைத் தூக்கிவிட இடுப்பில் கைவைத்தார். கை கல்லில் பட்டது. இரண்டு கல்லிலும் பட்டது.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. எத்தனையோ பிள்ளைகளை உதறிய கை அப்படியே நின்றது.

"ஏறு கண்ணு" என்றார்.

தட்டு கீழே போயிற்று. "தோத்திரம்" மட்டும் வரவில்லை.

"ஏனுங்க, எம்புள்ளைய ஒதறலீங்களா?" என்றார் ஐயன்.

"காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச புள்ளைங்க. ஒதறுனா ஒடைஞ்சு போயிருமுங்க."

ஐயன் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தார். என் மடியையும் ஒரு பார்வை பார்த்தார். "செரிங்க, படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். உப்பைக் கேட்கவில்லை.

உபதேசியார் ஒரு வாரம் உப்பில்லாத கஞ்சி குடித்தார். அவருடைய ஜெபம் ரகசியமாக நடந்ததே கிடையாது. விடுதி முழுக்கக் கேட்கும். "ஆண்டவரே, ரெண்டு கல்லுங்க. பெருசில்லீங்க, கைக்கு அடக்கமானதுதான். ஒரு புள்ளைக்காக. மன்னிச்சுப் போடுங்க." பிறகு, "மறுபடி அப்படியொரு புள்ள வந்தா என்ன பண்றதுன்னும் சொல்லிப் போடுங்க."

அந்த இரண்டு கல்லையும் என்னிடமிருந்து வாங்கி ஜன்னலில் வைத்தார். தினம் எனக்கு ஒரு முட்டையும் ஒரு கைப்பிடி நிலக்கடலையும். நான் முகம் சுளித்தால் விரலால் ஜன்னலைக் காட்டுவார், அவ்வளவுதான். மாசி மாதம் என் மணல்பையோடு அந்த இரண்டு கல்லையும் மறு தட்டில் வைத்து என்னை ஏற்றினார். பத்துத் தரம் உதறிவிட்டுத்தான். என் தட்டு கீழே போயிற்று. அன்று கூவிய தோத்திரம் திருப்புலி நாட்டுக்கே கேட்டிருக்கும்.

வருஷங்கள் போயின. நான் படித்து, அடிவாரத்துக்கு அப்பால் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆனேன். ஒரு நாள் உபதேசியாரையே டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மலைக்காய்ச்சல், ஏற்கெனவே ஒல்லி, இப்போது வேட்டிக்குள் ஆளைத் தேடவேண்டியிருந்தது. காய்ச்சல் விட்டதும் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "எடை கொஞ்சமாவது ஏறினால்தான் மலைக்குப் போகலாம்." அவருக்கோ மாதக் கடைசியில் பிள்ளைகளை நிறுத்தாகவேண்டும். கட்டிலில் அவர் தினமும் அழாத குறை.

விடுதியிலிருந்து ஒருவன் இறங்கிவந்து அவரிடம் ஒரு சின்ன மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போனான். எடை பார்க்கும் நாள் வந்தது. எடை மேடைக்கு முன்னால் வந்து நின்றார். சட்டைப்பை இரண்டும் கீழே இழுத்துக்கொண்டு தொங்கின. விளிம்பில் எட்டிப் பார்த்தது ஒரு கறுப்புக் கல். இடுப்பில் வெள்ளைக் கோடு.

"ஒதறோணுமா சிஸ்டர்?" என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

டாக்டருக்கு உண்மையான எடையை அப்புறம் தனியாகச் சொன்னேன். அவர் திட்டினார், பிறகு சிரித்து, மாத்திரையும் முட்டைக் கூடையும் கொடுத்து அனுப்பச் சொன்னார். அதற்குப் பிறகும் மூன்று மழைக்காலம் அந்தப் பலாமரத்தடியில் "உதறு!" கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அன்று, அந்த மேடைக்கு முன்னால், அதெல்லாம் எனக்குத் தெரியாது. என் முன்னால் நின்றது, விடுதிக்குத் திரும்பிப் போகத் துடிக்கும் ஒரு ஒல்லிப் பிள்ளை. இடுப்பில் கைவைத்துத் தாங்கிக்கொண்டேன்.

"ஏறுங்க சாமி" என்றேன்.